இருமல் இல்லை

கொண்டைக்கடலை என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டாம். இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம், மில்லிமீட்டருக்கு ருசி கிடையாது, மணம் கிடையாது, தாளித்துக்கொட்ட முடியாது. "வலது நுரையீரல்ல, மேல்பக்கம், ஒரு கொண்டைக்கடலை அளவுக்குச் சின்ன முடிச்சு இருக்கு சார்" என்று அந்தப் பெண் சொன்னதும் அருணகிரி வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டார்: "ஊறினதா, ஊறாததா?" கல்லூரியில் தாவரவியல் நடத்தியே தேய்ந்த நாக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. கேள்வியில் தப்பில்லை, ராத்திரி ஊறிய கடலை காலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அளவு சொல்கிறவர்கள் அதைச் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் ரெஜினா சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தி தெய்வசிகாமணி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், "பாத்தீங்களா டாக்டர், எங்க சம்மந்திக்கு எமன் வந்தாலும் ஸ்பெல்லிங் கேப்பாரு" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது, "இருமல் இருக்கா சார்?" அதற்கு அருணகிரி இல்லை என்றார். சளி? இல்லை. சாயங்காலம் காய்ச்சல்? இல்லை. எடை குறைஞ்சிருக்கா? அதுவும் இல்லை, சர்க்கரையைக் குறைத்ததில் பெல்ட்டில் ஒரு ஓட்டை போடவேண்டி வந்தது, அவ்வளவுதான். "கல்லு மாதிரி இருப்பாரு டாக்டர்" என்று சம்பந்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து வழிகளைச் சொன்னாள், வெளியே உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள், ஒன்றிரண்டு பேஷண்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். அதனால் இப்போது வெளியே, இரும்பு நாற்காலியில், யோசித்துக்கொண்டு, இருமாமல்.

இருமாமல் இருப்பதும் ஒரு வித்தைதான். தொண்டைக்குக் கீழே, கழுத்துக்குழியில், ஒரு எறும்பு ஊரும். அதைக் கவனிக்கக் கூடாது, கவனித்தால் அது இரண்டாகும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து எச்சிலை மெதுவாக விழுங்க வேண்டும், மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இழுக்க வேண்டும், ஃபினாயில் வாசனை உள்ளே போனால் காரியம் கெட்டது. இன்னொரு வழி சிரிப்பது. யாராவது எதையாவது சொல்லும்போது பலமாகச் சிரித்து, சிரிப்பின் வாலில் இரண்டு இருமலைக் கட்டி அனுப்பிவிடலாம். இந்த ஒன்றிரண்டு மாதமாகச் சம்பந்தி வீட்டில் தம்மை ரொம்பக் கலகலப்பான ஆள் என்று பேசிக்கொள்வதன் மூலகாரணம் இதுதான். மூன்றாவது வழி கழிப்பறை. உள்ளே போய், கதவைத் தாழிட்டு, பிளஷ்ஷை இழுத்து, தண்ணீர் இரையும்போது கூடவே இரைந்துகொள்வது. தொட்டி மறுபடி நிறையும்வரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்ற பலகையைப் படித்துக்கொண்டு. அப்படிப் போய்விட்டு வந்து இப்போதுதான் உட்கார்ந்தார், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதை முகம் கழுவிய தண்ணீர்போலத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஸ்கேன் கவரைத் தாம்பூலத் தட்டுபோல மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "சம்மந்தி, தப்பா நெனக்காதீங்க. அடிக்கடி போறீங்களே. ரெண்டாவது மாடியில யூரின் டாக்டர் இருக்காரு. வந்ததே வந்தோம், அதையும் காட்டிருவோமா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, பயம்தான்." "பயமா? நானிருக்கறப்ப என்ன பயம்?" அதுதான் பயம் என்று சொல்ல முடியுமா. திருச்சி தில்லை நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் வீட்டுப் படியில்தான் விழ வேண்டும், லால்குடியிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருக்கலாம். கரூரிலிருந்து இந்த மனுஷன் காரை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு வந்து நிற்கிறார். இதற்கெல்லாம் வினையே அந்தப் பரிசோதனைச் சலுகை. இருவராக வந்தால் பாதி விலை என்று இதே ஆஸ்பத்திரி விளம்பரம் செய்தது. தெய்வசிகாமணியின் மனைவி ஊசி என்றால் ஊரைவிட்டு ஓடுகிறவள், அந்த இடத்துக்குச் சம்பந்தியை இழுத்துக்கொண்டு வந்தார். தம்பதி பேக்கேஜ் என்று ரசீதில் அச்சாகியிருந்தது. தெய்வசிகாமணி தம்பதியில் ஒருவருக்கு எல்லாம் நார்மல், இன்னொருவருக்கு எக்ஸ்ரேயில் நிழல்.

சரி, யோசிக்க வேண்டும், யோசிக்கத்தானே அனுப்பினாள். வழி ஒன்று, இருந்து பார்ப்பது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், வளர்ந்திருக்கிறதா, அப்படியே கிடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. வழி இரண்டு, விலா எலும்புகளுக்கு நடுவில் மெல்லிய ஊசியை விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பது. சில பேருக்கு நுரையீரலில் காற்றுக் கசியும், ஒரு நாள் படுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வழி மூன்று, சின்னத் துளைகள் போட்டு அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிடுவது, நோயும் தெரியும், வைத்தியமும் முடியும், ஆனால் அறுவை அறுவைதான். கேன்சர் என்று தெரிந்து, அறுவையை உடம்பு தாங்காது என்றால் வெளியிலிருந்தே குறிபார்த்துக் கதிர் வீச்சு. டி.பி. என்றால் கத்தியே வேண்டாம், ஆறு மாதம் மாத்திரை. பெட் ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்று சம்பந்தி கேட்டார், எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். "கேன்சர், டி.பி. ரெண்டுமே அதுல பளிச்சுன்னு எரியும் சார், நம்ம ஊர்ல அதை மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாது" என்றாள். எவ்வளவு தெளிவு. இவரிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தத் தெளிவு இருந்திருந்தால். ஆனால் அந்தத் தெளிவின் நடுவே ஒரு வாக்கியம், முள்போல: "இருமல், காய்ச்சல் எதுவும் இல்லைங்கறதால அவசரமில்லை சார், இருந்து பார்க்கறதும் ஒரு வழிதான்." எதுவும் இல்லைங்கறதால. இருமல் இல்லாத ஒரு அருணகிரிக்கு அவள் வழி சொல்லியிருக்கிறாள், அந்த அருணகிரி ஆரோக்கியமானவர், அவருக்கு மூன்று வழியும் திறந்திருக்கிறது. அவருடைய வழியில் இவர் புகுந்து போய்விடலாம். மூன்று மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை கரூரில் மகள் கல்யாணிக்கு வளைகாப்பு, வளையல் அடுக்கிய கையோடு அன்றைக்கே பெண்ணை லால்குடிக்கு அழைத்து வருவது, தலைப்பிரசவம் தாய்வீட்டில். மாடி அறைக்குப் புது வெள்ளை அடித்தாகிவிட்டது, கட்டில் வாங்கியாகிவிட்டது. மூன்று மாதத்துக்குள் குழந்தையே பிறந்துவிடும். இருந்து பார்ப்பது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, தமக்கே தெரியாது, தெரியாததற்கு யார் பொறுப்பு. ஊசி என்று சொன்னால் தெரிந்துபோகும். தெரிந்து, அது டி.பி. என்று வந்தால், எந்தச் சம்பந்தி வயிற்றுப்பிள்ளைக்காரியை அந்த வீட்டுக்கு அனுப்புவான்? அனுப்பக் கூடாதுதான், அருணகிரியே அனுப்பமாட்டார். அவர் சம்பந்தியாக இருந்தால். ஆனால் அவர் அப்பன்.

கேன்சராக இருக்கட்டும் என்று அப்போதுதான் அவர் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை, வேண்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, தூக்கத்தில் எதையோ தின்றுவிட்டு விழித்தவன் உதட்டைத் தடவிப் பார்ப்பதுபோல. முருகா, கேன்சராகவே இருக்கட்டும். கேன்சர் ஒட்டாது. கேன்சர் கௌரவமான நோய், பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடி வாங்கி வருவார்கள், குரலைத் தாழ்த்துவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். கல்யாணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகில் வந்து "அப்பா" என்பாள். அவளுக்கு நித்யகல்யாணி என்று பெயர் வைத்ததே அந்தச் செடியிலிருந்து ரத்தப் புற்றுக்கு மருந்து எடுக்கிறார்கள் என்ற பெருமையில்தான், வகுப்பில் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார். இதோ பொருத்தமாக ஒரு கேன்சரும் வந்துவிட்டால் பெயர் வைத்ததற்குப் பலன். சீ, என்ன புத்தி இது. ஒன்று ஆளைக் கொல்லக்கூடியது, மற்றது ஆறு மாத மாத்திரையில் போகக்கூடியது, படித்த மனுஷன் கொல்லுகிறதைக் கேட்டு வாங்குகிறார். அந்தக் கிருமியைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்தவர்தானே, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், அமிலத்தால் கழுவினாலும் சாயம் விடாது என்று பாடம் நடத்தியவர். சாயம் விடாதது கிருமி மட்டுமா. அவருடைய அத்தைக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது, பெண்ணின் அப்பா டி.பி. சானடோரியத்திலிருந்து திரும்பியவர் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டதால். தாத்தா குணமாகித்தான் வந்தார். குணமாகி வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், மூடிபோட்ட ஒரு தகரப் பாத்திரம், வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொன்னதில்லை, அந்தச் சீக்கு என்பார்கள். அத்தை அதற்கப்புறம் கல்யாணமே செய்துகொள்ளாமல் தையல் டீச்சராகப் போய், கடைசிவரை யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை உதட்டில் படாமல் தூக்கியே குடிப்பாள். ஆசாரம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தார். ஆசாரமில்லை. எறும்பு ஊர்கிறது. நாக்கை ஒட்டவை. விழுங்கு. இது சுண்ணாம்புத் தூசாகக்கூட இருக்கலாம், மாடியறைக்கு வெள்ளையடித்தபோது கூடவே நின்றார் அல்லவா. அதற்கு முன்பே இருந்தது. பொங்கலுக்கு முன்பே இருந்தது. அந்த ஒரு நாள் வாஷ்பேசினில் நூல்போலச் சிவப்பாக ஒன்று ஓடியது, மனைவி சௌந்தரத்துக்குக்கூடத் தெரியாது, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஈறு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஈறுதான். ஈறாகவும் இருக்கலாம்.

போன் அடித்தது, சௌந்தரம். மனைவிமார்கள் எப்போது கூப்பிட வேண்டுமென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாள் என்று நினைத்தால், "இருமலையே?" என்றாள். "இல்ல." "அவரு பக்கத்துல இருக்காரா?" "ஆமா." "காலையில ஆடாதோடைக் கஷாயம் குடுத்தேனே, கேக்குதா? டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிஷம் சொல்லிப்பாருங்களேன், அவரைக் காபி வாங்க அனுப்பிட்டு." "சரி சரி." "சம்மந்தி முன்னாடி மட்டும் இருமித் தொலைச்சிராதீங்க, பொண்ணு வர்ற நேரம்." "வச்சிடறேன்." தெய்வசிகாமணி மரியாதையாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா என்ன சொல்றாங்க?" என்றார். "பெயிண்ட் இன்னும் காயலையாம்." "ஃபேனைப் போட்டு விடச் சொல்லுங்க. வாசனை போயிரணும், பிள்ளைத்தாச்சிக்கு ஆவாது." இதைச் சொன்னவர் நெஞ்சில் தூசு அளவுகூடச் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுகிற மனுஷனாக இருந்திருக்கலாம், குத்திப் பேசுகிற சம்பந்தியாக, சீரில் குறை சொல்கிற சம்பந்தியாக, அப்படிப்பட்டவனிடம் மறைப்பதில் ஒரு நியாயமாவது இருக்கும். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வெட்கப்படுகிற மாதிரி ஆரம்பித்தார். "சம்மந்தி, ஒரு விஷயம். வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம், உங்ககிட்ட சொல்லலை. குழந்தைக்குச் சேனை நீங்கதான் வைக்கணும்." பிறந்த குழந்தையின் வாயில் முதல் சொட்டு இனிப்பு, சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டு, யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "இப்பல்லாம் டாக்டருங்க வேணாம்பாங்களே" என்றார் அருணகிரி. "சும்மா உதட்டுல ஒரு துளி. எங்க வம்சத்துல நாலு எழுத்து படிச்சவன் கிடையாது சம்மந்தி. எங்க அப்பாவுக்குச் சேனை வச்சவன் சாராயக் கடைக்காரன், எனக்கு வச்சவரு வட்டிக்கு விடறவரு. நான் எப்படி இருக்கேன் பாத்துக்குங்க. எம் பேரப்பிள்ளைக்காவது உங்க விரல் படட்டும்." சிரிக்க வேண்டிய இடம், சிரிப்பின் வாலில் கட்டி அனுப்ப அருமையான சந்தர்ப்பம், அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. விரலைப் பார்த்தார். ஆள்காட்டி விரல், நகத்தோரம் சாக்பீஸ் அரித்த பழைய வெடிப்பு. விரலில் ஒன்றும் ஒட்டியிருக்காது, அது விரலால் போகிற கிருமி இல்லை, காற்றில் போவது, பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. விரல் சுத்தம்தான். ஆனால் சேனை வைக்கக் குனிய வேண்டும். தொட்டிலுக்குள் முகம் போகும். அந்த முகம் ஒரு மூச்சு விடும், குழந்தை அதை வாங்கும், அதற்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளத் தெரியாது, இப்போதுதான் மூச்சுவிடவே பழகியிருக்கும், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். விரலை மடக்கிக்கொண்டார். டோக்கன் பலகையில் எண் மாறியது. நர்ஸ் கதவைத் திறந்து, "அருணகிரி சார், வாங்க" என்றாள்.

உள்ளே ஏ.சி. காற்று நேராகத் தொண்டையில் பட்டது. "என்ன சார் முடிவு பண்ணீங்க?" என்றாள் ரெஜினா. வாயைத் திறப்பதற்குள் தெய்வசிகாமணி பதில் சொன்னார், "இருந்து பாப்போம்னு நெனக்கறோம் டாக்டர். நல்ல காரியம் நடக்கற வீடு. வளைகாப்பு, பிரசவம் எல்லாம் முடியட்டும். அப்புறம் ஊசி குத்தறதோ, வெட்டறதோ, நீங்க சொல்றதைச் செய்யறோம்." டாக்டர் பேனாவை எடுத்துவிட்டாள். எழுதப்போகிறாள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன், அதற்குக் கீழே கையெழுத்து, அதற்குப் பிறகு அது அவள் சொன்னதாகிவிடும், டாக்டரே சொன்னார் என்று சௌந்தரத்திடம் சொல்லிக்கொள்ளலாம், தமக்கும் சொல்லிக்கொள்ளலாம். "இருமல் இருக்கு" என்றார் அருணகிரி. தமக்கே கேட்காத குரல். பேனா நின்றது. "சொல்லுங்க சார்?" "இருமல் இருக்கும்மா. பொங்கலுக்கு முன்னாலேர்ந்து. சாயங்காலமானா உடம்பு சுடுது. பெல்ட்டு சர்க்கரையால இல்ல." "சளி?" "வருது." "ரத்தம்?" அவர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்தார், இளஞ்சிவப்பாக, கழற்றி மாட்டுகிற மாதிரி. "ஒரே தடவை. நூல் மாதிரி." பக்கத்தில் நாற்காலிக் கால் தரையில் உராய்ந்தது. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டார். "அப்ப பாத்ரூம்..." என்றார் தெய்வசிகாமணி, பாதியில் நிறுத்திவிட்டார். டாக்டர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை. இழுப்பறையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அவரிடம் நீட்டினாள், மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். "முதல்லயே சொல்லியிருந்தா ஊசியைப் பத்தியே பேசியிருக்க மாட்டேன் சார். சளி டெஸ்ட்தான் முதல்ல. அதுல டி.பி. தெரிஞ்சா மாத்திரையை ஆரம்பிச்சிரலாம், சரியாயிடும். தெரியலைன்னா அடுத்தது ஊசி, தள்ளிப்போட வேண்டாம். உங்க மனைவியும் டெஸ்ட் எடுக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் பொண்ணு இருக்கற இடத்துலயே இருக்கட்டும்." கடைசி வாக்கியத்தை அவள் தெய்வசிகாமணியைப் பார்த்துச் சொன்னாள். இனிமேல் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

சளி எடுக்கிற இடம் கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம், கூரையில்லாத ஒரு மூலை. வெயில் படுகிற இடமாக, காற்றோட்டமாக இருக்க வேண்டுமாம். திருகுமூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வர வேண்டும், ஆழமாக மூச்சு இழுத்து இருமுங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். மாஸ்க்கைக் கழற்றி வைத்தார். மூச்சை இழுத்தார். இருமினார். ஒன்றுமில்லை, வகுப்புக்குள் நுழையும் முன் பையன்களை எச்சரிக்கக் கனைப்பதுபோல ஒரு கனைப்பு. மறுபடி. தொண்டை பாலைவனம். எறும்பு எங்கே போயிற்று. இத்தனை நாளாக அடக்கி அடக்கி அதற்கும் வெட்கம் கற்றுக்கொடுத்துவிட்டாரோ என்னமோ, கூப்பிட்டால் வரவில்லை. வெயில் மண்டையில் இறங்கியது. இருமல் இருக்கிறது என்று சொன்னவர், இப்போது வெறும் டப்பாவோடு போய் நின்றால் அதுவும் பொய் என்பார்கள். ஜன்னல் வழியாகத் தாழ்வாரம் தெரிந்தது, அங்கே தெய்வசிகாமணி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார், கையை ஆட்டினார், நெற்றியைத் துடைத்தார், யாரிடம், கல்யாணியிடமா, மாப்பிள்ளையிடமா, என்ன வார்த்தை சொல்லியிருப்பார், பெயர் சொல்லியா, அந்தச் சீக்கு என்றா. கல்யாணி உட்கார்ந்திருந்தாளா நின்றுகொண்டிருந்தாளா. போய்விட்டால்கூட நல்லது, காரை எடுத்துக்கொண்டு போய்விடட்டும், லால்குடிக்குப் பஸ் இருக்கிறது, பஸ்ஸில் மாஸ்க்கோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளலாம். டப்பாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. தெய்வசிகாமணி தோள் துண்டை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் கொள்ளைக்காரன்போலப் பின்கழுத்தில் முடிந்திருந்தார். ஜெனரேட்டர் பக்கம் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அங்கிருந்த வேப்பங்கொழுந்தைப் பார்த்தார், இந்தப் பக்கம் மாறி நின்றுகொண்டார். கிட்ட வரவில்லை. "வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடக்கும்" என்றார், துண்டுக்குள்ளிருந்து. அருணகிரி தலையாட்டினார். "பொண்ணு எங்க வீட்லயே இருக்கட்டும். அம்மா டெஸ்ட் எடுத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னா, அங்க வந்து பாத்துக்கட்டும்." அதற்கும் தலையாட்டினார். சம்பந்தி ஜெனரேட்டர் பக்கம் திரும்பி, தகர வேலையில் ஏதோ குறை கண்டுபிடித்தவர்போல அதன் விளிம்பை விரலால் தடவினார். "நீங்க வர வேண்டாம், சம்மந்தி." "இல்லை. வரலை." "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்." அருணகிரி டப்பாவைத் திறந்தார். மறுபடி மூச்சை இழுத்தார், நெஞ்சு விரிந்தது, உள்ளே வலதுபக்கம் மேலே அந்த இடம் இதுதானோ என்று தோன்றியது, இருமினார், வறட்டுச் சத்தம், இன்னொரு தடவை, கண் பிதுங்கியது, டப்பாவில் நுரையாக ஏதோ விழுந்தது. போதும் என்று மூடியை எடுத்தார். தெய்வசிகாமணி துண்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கிட்டே வந்தார், வந்து குனிந்து டப்பாவுக்குள் பார்த்தார், பட்டறையில் வெல்டிங்கைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி. "இது எச்சில், சம்மந்தி" என்றார். "இன்னும் நல்லா இருமுங்க."